வடகரையில் நின்றவர்

கண்மாய்க் கமிட்டித் தலைவர் என்னைத் தேடி ஆட்டோ ஸ்டாண்டுக்கே வந்தார். ஊரில் இருந்து கோவில்பட்டிக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போவார்கள், தேடி வந்ததில்லை. அதனால் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வண்டியை நோக்கி நடந்தபோதே ஏதோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"ஏலே, டீ குடிப்பமா?" என்றார். குடித்து முடிக்கும்வரை மழை, மக்காச்சோளம், படைப்புழு என்று பேசினார். பிறகு சட்டைப் பையில் இருந்து ஒரு தாளை எடுத்தார்.

கண்மாயைத் தூர் வாரி, கரையை உயர்த்தி, வேலிக்கருவையை வெட்டி முடித்துவிட்டார்கள். வெளியூரில் பிழைக்கும் ஊர்க்காரர் ஒருவர் கரையில் நட ஒரு கருங்கல் பலகை தருகிறார். அதில் கண்மாயின் வரலாற்றைச் சுருக்கமாக வெட்டப் போகிறார்கள். யார் வெட்டிய கண்மாய், எத்தனை மடை, எந்தெந்தப் பஞ்சத்தில் வற்றியது என்றெல்லாம் எழுதி வந்த அந்தத் தாளில் நடுவே ஒரு வரி இருந்தது: "பெருமழை ஆண்டில் நீர்பாய்ச்சி கரையை வெட்டியதால் வடபுலம் அழிந்தது."

"பேரு போடலல்லா?" என்றார் தலைவர், என் முகத்தைப் பார்க்காமல்.

பெயர் போடத் தேவையில்லை. மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பதும்தான் நீர்பாய்ச்சி வேலை. எங்கள் ஊரில் அந்த ஆண்டு நீர்பாய்ச்சியாக இருந்தது என் அப்பா.

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஐப்பசியில் அந்த மழை பெய்தது. விடிகிற நேரத்தில் கண்மாயின் வடக்குக் கரை போய்விட்டது. தண்ணீர் முழுவதும் கரைக்கு வடக்கே கிடந்த வடபுலத்து மானாவாரிக் காடுகளில் பாய்ந்தது. உளுந்தும் பாசியும் பருத்தியும் போயின. மேலே கிடந்த கரிசல் மண்ணையும் வெள்ளம் உரித்துக்கொண்டு போனதால் அடியில் கிடந்த சுண்ணாம்புக் கல் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. வெளிச்சம் வந்தபோது, உடைப்புக்குப் பக்கத்தில் மம்பட்டியோடு அப்பா நிற்பதை ஊர் பார்த்தது.

அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு. தெற்குத் தெருவில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஆடு வளர்ப்பவர்கள், மண்சுவர் வீடுகள். கரை தெற்கே போயிருந்தால் அந்தத் தெரு இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். தன் ஆட்களைக் காப்பாற்ற நீர்பாய்ச்சி வடகரையை வெட்டிவிட்டான் என்று வடபுலத்துக்காரர்கள் சொன்னார்கள். வெட்டினார், அதனால்தான் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று தெற்குத் தெரு சொன்னது. தெற்குத் தெரு அதை ரகசியமாகச் சொன்னது. வடபுலம் சத்தமாகச் சொன்னது. அதனால் ஊருக்கு ஒரு கதைதான் நின்றது.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த விதைப்புக்கு வேறு ஆளை நீர்பாய்ச்சியாக வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கோவில்பட்டிக்கு வந்துவிட்டோம். அப்பா தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றி இறக்கினார். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அப்பா போய்ச் சேர்ந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா மட்டும் அன்றிலிருந்து அந்த ஊருக்குப் போனதே இல்லை. கல்யாணத்துக்கும் இல்லை, எழவுக்கும் இல்லை.

"ஏலே, உன்கிட்ட சொல்லாம வெட்டக்கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார் தலைவர். "நானா எழுதிட்டேன்னும் நாளைக்கு ஒருத்தன் சொல்லக்கூடாது பாரு. வரலாறு படிச்சவிய ரெண்டு பேரை வரச் சொல்லியிருக்கேன். ரெண்டு பேருமே நம்ம பக்கத்துக் கண்மாயைப் பத்தி எழுதுனவிய. அவிய சரின்னு சொன்னாத்தான் கல்லுல ஏத்துவோம். ஸ்டேஷன்ல இருந்து நீதான் கூட்டிட்டு வாரணும்."

தலைவர் கெட்டவர் அல்ல. அவர் வீட்டு உளுந்தும் அந்த வெள்ளத்தில்தான் போனது. அப்படியிருந்தும் பஸ் ஏறி வந்து சொன்னாரே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு அப்படி நினைக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"வாயால சொல்லிட்டுக் கிடந்தாவ. சொல்லுத ஆளு செத்தா அதுவும் சேந்து போயிரும்னு நெனச்சேன். கல்லுல வெட்டிட்டாவன்னா பொறவு என்ன செய்ய? உம் பேரம்பேத்தி வரைக்கும் படிப்பாவள்லா?"

சவாரி ஏறுகிறவர்களிடம் 'எங்கே' என்று கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று என் அப்பாவுக்காக நாலு வார்த்தை பேசுகிற ஆள் நான் இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும். அதனால் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

குறித்த நாளில் காலை ரயிலில் இருவரும் வந்து இறங்கினார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். ஒல்லியான ஆள், தோளில் துணிப்பை, பை நிறைய ஜெராக்ஸ். இன்னொருவர் கல்லூரி ஆசிரியை. என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு போன், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேடம், போன இதழ்ல உங்க கட்டுரையைப் படிச்சேன்."

"மறுப்பு எழுதப் போறீங்களா சார்?"

"எழுதி அனுப்பியாச்சு. அடுத்த இதழ்ல வரும்."

"அப்ப அதுக்கும் ஒண்ணு நான் இப்பவே எழுத ஆரம்பிக்கலாம்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒருவரையொருவர் மறுத்து எழுதிக்கொள்கிறவர்கள் எப்படி ஒரே ஆட்டோவில் சிரித்துக்கொண்டு போகிறார்கள்? எங்கள் ஸ்டாண்டில் என்றால் சட்டை கிழிந்திருக்கும்.

கோவில்பட்டியைத் தாண்டி ரோடு காட்டுக்குள் இறங்கியதும் பேராசிரியர் ஒரு ஜெராக்ஸை உருவினார். "அந்தப் பெருமழைக்கு தாலுகா ஆபீஸ் குறிப்பு இருக்கு. மழையில கரை உடைஞ்சதுன்னு தெளிவா எழுதியிருக்கான். நீர்பாய்ச்சி வெட்டினான்கிறதெல்லாம் பின்னால கட்டின கதை."

இன்னும் நன்றாகக் கேட்க வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். அப்பா வெட்டவில்லை என்று ஒரு படித்த மனிதர் சொல்லி அப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறேன். அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. வண்டி ஓட்டுகிறவன், அவ்வளவுதான். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குறிப்பை எழுதினவர் ஏன் அப்படி எழுதினார்னு யோசிச்சீங்களா சார்?" என்றார் ஆசிரியை. "ஆள் வெட்டினதுன்னு எழுதினா போலீஸ் கேஸ். பயிர் நிவாரணம் கிடைக்காது. 'மழைன்னே எழுதிருங்க ஐயா'ன்னு வடபுலத்துக்காரங்களே கேட்டிருக்கலாம். எழுதச் சொன்னது ஒண்ணு, ஊருக்குள்ள சொல்லிக்கிட்டது ஒண்ணு."

"கேட்டிருக்கலாம், சொல்லியிருக்கலாம். ஆதாரம் எங்க?"

"ஆதாரம் காகிதத்துல மட்டும்தான் இருக்கணுமா?"

"காகிதம் அந்த வாரத்துலயே எழுதினது, மேடம். ஞாபகம் அதுக்கப்புறம் இத்தனை வருஷமா சமைச்சது."

"காகிதத்தையும் ஒரு ஆள்தான் சார் சமைச்சான்."

பேராசிரியர் "அப்படிப் போடு" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். கோபமே இல்லை. ஆசிரியை தொடர்ந்தார்: "அவர் வெட்டினார்னுதான் நான் நினைக்கிறேன். தெரிஞ்சே வெட்டினார். ஒரு தெரு மனுஷங்களா, ஒரு சீசன் வெள்ளாமையான்னு அந்த நேரத்துல முடிவெடுத்தார். அது தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன்."

இப்போது எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் அப்பாவின் மேல் இருந்த பழியை எடுக்கிறார். அதோடு அப்பா செய்ததையும் எடுத்துவிடுகிறார். அப்படியென்றால் அவர் சும்மா அங்கே நின்ற ஒரு ஆள். இன்னொருவர் அப்பா செய்ததைத் திருப்பித் தருகிறார்; பழியும் கூடவே வருகிறது. எனக்கு எது வேண்டும்? இத்தனை வருடமாக 'அப்பா வெட்டவில்லை' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். சொல்லிவிட்டார்கள். சொன்ன பிறகு, அப்பா வெட்டியிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கடம்பூரில் நிறுத்தச் சொன்னார்கள். போளி வாங்கி மூன்று பேருக்கும் பங்கு வைத்தார் ஆசிரியை. பேராசிரியர் எண்ணெய்க் கையால் ஜெராக்ஸைத் தொடப் போக, "சார், காகிதம் காகிதம்" என்று ஆசிரியை பதற, பேராசிரியர் சிரித்ததில் போளி கீழே விழுந்தது. தன் பங்கில் பாதியை அவருக்குக் கொடுத்தார் ஆசிரியை. அதைத் தின்றுகொண்டே, "ஆனா உங்க வாதம் தப்பு" என்றார் பேராசிரியர்.

முந்தின நாள் பெய்த மழையில் கண்மாய்க்குப் போகும் வண்டிப் பாதை களியாகிக் கிடந்தது. கரிசல் மண் சக்கரத்தில் ஏறி மட்கார்டுக்குள் அடைந்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. நான் இறங்கிக் குச்சியால் மண்ணை நோண்டினேன். இருவரும் இறங்கிப் பின்னால் தள்ளினார்கள். தள்ளும்போதும் விடவில்லை. "மிச்சத் தண்ணி போற கலிங்கு அடைஞ்சு கிடந்ததுன்னு குறிப்புல இருக்கு, மேடம்... தள்ளுங்க... தண்ணி தானா கரையில ஏறும்..." "அதனாலதான் சார்... வேற வழியில்லாம... வெட்டியிருப்பார்... ஐயோ என் செருப்பு!" அவருடைய செருப்பு களிக்குள் போய்விட்டது. பேராசிரியர் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

கரையில் தெற்குத் தெரு ஆட்டுக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஆடுகள் கண்மாயின் உள்பக்கம் வடகரையை ஒட்டி மேய்ந்தன. பேராசிரியர் அவருக்கு வணக்கம் சொல்ல, அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ஏலே, நீ நீர்பாய்ச்சி மகன்லா? அப்படியே உங்கய்யா மூஞ்சி!"

பின்னால் பேச்சு நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேராசிரியர்தான் முதலில் வாய் திறந்தார்.

"தம்பி... நீங்க சொல்லியிருக்கலாமே."

"நீங்க பேசிட்டு இருந்தீங்க சார்."

ஆசிரியைக்குச் சிரிப்பும் வந்தது, சங்கடமும் வந்தது. "வழியெல்லாம் உங்க அப்பாவைப் பத்தி என்னென்னமோ பேசிட்டு வந்தோம். மன்னிச்சுக்கோங்க."

அதற்குப் பிறகு இருவரும் மாறிவிட்டார்கள். குரல் இறங்கிவிட்டது. "உங்க அப்பா மாதிரி ஒருத்தர்..." என்று பேராசிரியர் ஏதோ நல்ல வார்த்தையாகத் தேடினார். ஆசிரியை என் அம்மாவின் உடம்பு எப்படி என்று விசாரித்தார். எழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. காலையில் இருந்து என் அப்பா ஒரு கேள்வியாக இருந்தார். இப்போது மறுபடியும் பரிதாபத்துக்குரிய ஆளாகிவிட்டார். ஊரில் எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஒன்று ஏச்சு, இல்லையென்றால் இரக்கம். அன்று காலையில் கேட்டது இரண்டும் இல்லை.

எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. "சார், மேடம், நீங்க பழையபடி சண்டை போடுங்க" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு பேராசிரியர் ஆட்டுக்காரரிடம் திரும்பினார். "ஆடெல்லாம் ஏன் இந்த ஒரு இடத்துலயே நிக்குது?"

"இங்கன பள்ளம் சார். மத்த இடமெல்லாம் வத்துனாலும் இங்கன தண்ணி நிக்கும். அந்தக் காலத்துல கரம்பை அள்ளுன குழி. இப்ப பொக்லைன் வச்சு நெரவியும் மேடாகல."

கரம்பை என்பது கண்மாய்க்குள் படிகிற வண்டல். கோடையில் அள்ளிக் காட்டில் போட்டால் அடுத்த வெள்ளாமை கொழிக்கும். கரையை ஒட்டி அள்ளக் கூடாது, நடுக்கண்மாயில்தான் அள்ள வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஆனால் நடுவில் இருந்து வண்டியை மேடேற்றுவது மாட்டுக்குக் கஷ்டம். வடபுலத்துக்காரர்களுக்கு வடகரை பக்கம். அதனால் கரையின் காலடியிலேயே அள்ளி, அப்படியே ஏறிப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையும், ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு வண்டி.

பேராசிரியர் களியில் முழங்கால் வரை இறங்கி அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். ஏறி வந்தபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது. "பாத்தீங்களா மேடம்? காலைத் தோண்டினா கரை எப்படி நிக்கும்? மம்பட்டி வேண்டாம். மாட்டு வண்டியே போதும். இது உடைஞ்ச கரைதான்."

"பள்ளம் இருந்ததுன்னா நான் நம்புறேன் சார்" என்றார் ஆசிரியை. "தினமும் கரையில நடந்த நீர்பாய்ச்சிக்கு அது உங்களை விட நல்லாத் தெரியும். எங்க வெட்டினா சீக்கிரம் போகும்னு தெரிஞ்சவர் வேற எங்க போய் வெட்டுவார்? அதனாலதான் இங்க வந்து நின்னார்."

நான் அந்தப் பள்ளத்தையே பார்த்தேன். ஒரே பள்ளம்தான். ஆடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கு அது அப்பா வெட்டவில்லை என்பதற்குச் சாட்சி, இன்னொருவருக்கு வெட்டினார் என்பதற்குச் சாட்சி. வரலாறு படித்தவர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இந்தப் பள்ளம்தான். ஒருவர் பொய் சொல்லி மற்றவர் உண்மை சொல்வதால் அல்ல. பேராசிரியர் 'கரைக்கு என்ன ஆனது' என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆசிரியை 'கரையில் நின்ற ஆள் என்ன நினைத்தார்' என்று கேட்டுக்கொண்டு வந்தார். கேட்டது வேறு, அதனால் பள்ளம் சொன்ன பதிலும் வேறு.

ஆட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவிய வெட்டுனாவ சார். வெட்டுனதுனாலதான் நான் இருக்கேன். இதுல என்ன ஆராய்ச்சி?" என்று ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மதியம் சமுதாயக் கூடத்தில் கமிட்டி கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், தலைக்கு மேல் சத்தம் போடும் ஒரு காற்றாடி. நான் வாசல் பக்கம் நின்றுகொண்டேன். தலைவர் அந்த வரியைப் படித்துவிட்டு, "இது சரிதான?" என்றார்.

"தப்பு" என்றார் பேராசிரியர். கரம்பைக் குழியைப் பற்றிச் சொன்னார்.

வடகரையில் வண்டி கட்டியவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் அப்பாமார்கள்.

"அப்ப எங்கய்யாமாரு கரையை உடைச்சாவன்னு கல்லுல போடணுமாக்கும்?" என்றார் தலைவர்.

"அப்படியும் போடக்கூடாது" என்றார் பேராசிரியர். "யாரும் வேணும்னு செய்யல."

"நீங்க சொல்லுங்க மேடம். வெட்டுனாருன்னு நீங்களாவது சொல்லுதீங்கள்லா?"

"வெட்டினார்னு நினைக்கிறேன். ஆனா உங்க வரி அழிஞ்சதை மட்டும் சொல்லுது, பிழைச்சதைச் சொல்லலியே. அந்த வரிக்கு நானும் கிடையாது."

தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு படிச்சவியளைக் கூப்பிட்டா ஒரு பதில் கெடைக்கும்னு பாத்தேன். மூணு பதிலைக் கொண்டாந்து போட்டுட்டீங்களே!"

கூடம் சிரித்தது. சிரித்து முடிந்ததும் தலைவர் வாசல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏலே, இங்க வா. உங்கய்யா உன்கிட்ட என்ன சொன்னாவ? வெட்டுனேன்னு சொன்னாவளா, உடைஞ்சுதுன்னு சொன்னாவளா? நீ சொல்லு. நீ சொல்லுததை அப்படியே போட்டுருவோம். எவனும் மாத்திப் பேச மாட்டான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒரு கூட்டம் என்னைப் பார்த்து நான் நின்றதில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'உடைந்தது என்று சொன்னார்.' அம்மாவுக்கு வேண்டியது அதுதான். என் பிள்ளைகளுக்கு வேண்டியதும் அதுதான். இல்லையென்று சொல்ல அப்பா இல்லை. ஆனால் காலையில் இருந்து இரண்டு பேர் ஒரு வார்த்தையைக்கூட எடை போடாமல் ஒத்துக்கொள்ளாததை நான் பார்த்திருந்தேன். என் அப்பாவுக்காக அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, நான் அவரைப் பற்றிக் கவனமில்லாமல் பேசுவதா?

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி" என்றேன். "கேட்டிருக்கேன். பேசாம இருப்பாவ. கோவில்பட்டில வந்து இருந்தப்ப மழை வலுத்தா எந்திரிச்சுப் போயி வாசல்ல நிப்பாவ. விடுற வரைக்கும் நிப்பாவ. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

"மனசுல இருந்திருக்கு" என்றார் ஆசிரியை மெல்ல. "செஞ்சதை நினைச்சுக்கிட்டே இருந்திருக்கார்."

"மழை பெஞ்சா எந்த நீர்பாய்ச்சியும் எந்திரிச்சு நிப்பான் மேடம்" என்றார் பேராசிரியர். "அது தொழில் பழக்கம்."

"தொழிலை விட்டப்புறமுமா?"

"விட்டது ஊரு. அவர் விடலையே."

நான் சிரித்துவிட்டேன். என் ஞாபகத்தில் இருந்த ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக் கொடுத்தேன். அதையும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அழுகையும் வந்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். அப்பாவைப் பற்றி ஊர் ஒரே ஒரு நாள்தான் யோசித்தது. அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. அதற்கப்புறம் அவரைப் பற்றி யாருக்கும் ஒரு சந்தேகம்கூட வரவில்லை. சந்தேகப்படுவது ஒரு மரியாதை என்பது எனக்கு அந்தக் கூடத்தில்தான் விளங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துப் பேராசிரியர் கேட்டார்: "எல்லாருக்கும் ஒத்துப்போற விஷயம் என்னன்னு பாப்போமா? மழை பெஞ்சது. வடகரை போச்சு. வெள்ளாமை அழிஞ்சது. தெற்குத் தெரு தப்பிச்சது. அப்புறம்?"

"அந்த நேரத்துல நீர்பாய்ச்சி கரையில நின்னார்" என்றார் ஆசிரியை. "வெட்டினார்னு சொல்றவங்களும் அதைச் சொல்றாங்க, உடைஞ்சதுன்னு சொல்றவங்களும் அதைச் சொல்றாங்க. ஊரே வீட்டுக்குள்ள இருந்தப்ப அவர் அங்க நின்னார். அதுல நமக்குச் சண்டை இல்லைதானே சார்?"

"அதுல இல்ல" என்றார் பேராசிரியர். காலையில் இருந்து அவர் முதன்முதலாக ஒத்துக்கொண்டது அதுதான்.

தலைவர் பழைய வரியைப் பேனாவால் அடித்தார். அடிக்கும்போது தாள் கிழிந்துவிட்டது. வேறு தாள் வாங்கி எழுதினார்கள். ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். தெற்குத் தெரு தப்பியதை வெள்ளாமை அழிந்ததற்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா என்பதற்கே ஒரு டீ செலவானது. கடைசியில் இப்படி வந்தது:

"பெருமழை ஆண்டில் விடியும் வேளையில் வடகரை போனது. தெற்குத் தெரு தப்பியது. வடபுலத்து வெள்ளாமை அழிந்தது. அப்போது ஊர் நீர்பாய்ச்சி கரையில் நின்றார். கரை எப்படிப் போனது என்பதை ஊரார் பலவிதமாகச் சொல்வர்."

திரும்பி வரும்போது இருவரும் களைத்துப்போய் இருந்தார்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் பேராசிரியர் என் கையைப் பிடித்தார். "தம்பி, நான் சொன்னதுதான் சரின்னு எனக்குத் தோணுது. ஆனா நான் தப்பாவும் இருக்கலாம்" என்றார். "இருக்கலாம் இல்ல சார், தப்புதான்" என்றார் ஆசிரியை. பிறகு என்னிடம், "உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதை நீங்களே எழுதுங்க. எங்களுக்கு அடுத்த சண்டைக்கு ஆகும்" என்றார். அவர்களுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். "பாத்துப் போங்க" என்றுதான் வந்தது. எழுதச் சொன்னதால் எழுதிவிட்டேன். இதில் அந்த நன்றியும் இருக்கிறது.

கல் நட்ட அன்று அம்மாவைக் கூப்பிட்டேன். வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் உட்கார்ந்தாள். கரை மேல் மெதுவாக நடந்து போய்க் கல்லுக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரிகளை நான் படித்துக் காட்டினேன்.

"இன்னொருக்கப் படி" என்றாள். படித்தேன்.

"கரையில நின்னாவன்னு போட்டிருக்கா?"

"ஆமாம்மா."

"நின்னாவதான்" என்றாள். "சாப்பிடாமப் போயி நின்னாவ."

அதற்கு மேல் அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாளோ என்னவோ. அதற்குள் தலைவரின் அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒரு காலத்தில் ஒன்றாகக் களை எடுத்தவர்கள். அவள் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"வந்துட்டியாட்டி? உம் புருஷன் எங்க உளுந்தையெல்லாம் தண்ணில விட்டுட்டுப் போனாரு, நீ கல்லைப் பாக்க வந்திருக்க."

தலைவர் பதறிப்போய், "எம்மா, சும்மா இரு" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "ஆமா, உம் புருஷன் கரம்பைன்னு சொல்லிக் கரையவே வண்டில ஏத்திட்டுப் போனாரு. அந்தக் கரம்பைல வெளஞ்ச உளுந்துதான அது? வந்த தண்ணி அதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டு."

தலைவரின் அம்மா வாயைப் பிளந்தாள். பிறகு பொக்கை வாயோடு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கரையின் சரிவில் உட்கார்ந்து, பக்கத்துத் தரையைக் கையால் தட்டிக் காட்டினாள். அம்மா உட்கார்ந்தாள்.

"வெட்டுனாருட்டி. நான் கண்ணால பாத்தேன்."

"நீ அப்ப எங்க இருந்த? ஆளே தெரியாத மழையில உனக்கு மட்டும் கண்ணு தெரிஞ்சுதாக்கும்!"

பொழுது சாயத் தொடங்கியது. கோவில்பட்டியில் எனக்கு ஒரு சவாரி இருந்தது. போவோமா என்று கேட்கக் கிட்டே போனேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள்.

"நீ போயிட்டுப் பொறவு வாலே. நாங்க இன்னும் பேசி முடிக்கல."